வீட்டில் இன்னொரு வால்

இங்கிலாந்தில் 'வால்' என்று ஒரு பேஸ் கிடார் உண்டு. அதில் ஒன்று வாங்க ஆசை என்று வீட்டில் முதல்முறை சொன்னபோது, என் மனைவி மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: "ஏற்கெனவே ஒரு வாலு சோபா மேல ஏறிக் குதிச்சிட்டு இருக்கு. இன்னொண்ணு எதுக்கு?" சோபா வாலுக்கு இப்போது ஏழு வயது. நான் பிறகு வாங்கிய வாலுக்கு என்னைவிட வயது அதிகம்.

பேஸ் கிடார் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் கொடுக்கும் விளக்கம் ஒன்றுதான். எண்பதுகளில் வந்த இளையராஜா பாட்டு ஏதாவது ஒன்றை நல்ல ஹெட்போனில் போடுங்கள். பாடுகிறவரை விடுங்கள், வயலின்களை விடுங்கள். அடியில் ஒருத்தர் தன்பாட்டுக்கு வேறொரு பாட்டைப் பாடிக்கொண்டே போவார் பாருங்கள், அதுதான் பேஸ். நாலு தடித்த கம்பி. டீக்கடை ஸ்பீக்கரில் அது சரியாகக் கேட்காது. ஆனால் அதை எடுத்துவிட்டால் பாட்டு காற்றில் தொங்கும். சென்னையில் பொறியியல் படித்தபோது எங்கள் கல்லூரிக் குழுவில் கிடார் வாசிக்க ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். பேஸ் வாசிக்க ஆளே இல்லை. அப்படித்தான் அது என் தலையில் வந்து விழுந்தது.

முதுகலைப் படிப்புக்காக ரெடிங் வந்தவன் வேலை கிடைத்து இங்கேயே தங்கிவிட்டேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். ஒரு மதியம் மிக் கார்ன் வாசித்ததைக் கேட்கக் கொடுத்தார். மிக் கார்ன் சைப்ரஸில் பிறந்து, சிறு குழந்தையாக லண்டன் வந்தவர். இயற்பெயர் ஆண்டோனிஸ் மிக்கேலிடீஸ். 'ஜப்பான்' என்ற லண்டன் குழுவில் எண்பதுகளின் தொடக்கத்தில் பேர் வாங்கினார், 2011-இல் காலமானார். அவர் வாசித்தது ஃப்ரெட் இல்லாத பேஸ். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் ஃப்ரெட். மெட்டு இல்லாவிட்டால் விரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகலாம். 'அட, இந்த ஆள் கமகம் போடுறாரே' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. என்ன கருவி அது என்று கேட்டேன். வால் என்றார். எங்கே செய்தது? "ஹை விக்கம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹை விக்கம் எங்கள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அதற்குமுன் அங்கே நான் போனது கட்டில் வாங்க மட்டும்தான்.

கட்டில் வாங்கப் போனதில் தப்பில்லை, அந்த ஊரே மரச்சாமான் ஊர். சில்டர்ன் குன்றுகளின் பீச் மரக் காடுகளை நம்பி இருநூறு வருடத்துக்கு மேல் நாற்காலி செய்து வாழ்ந்த ஊர். அவர்களுடைய கால்பந்து அணிக்கே 'நாற்காலிப் பையன்கள்' என்றுதான் செல்லப்பெயர். எர்கோல், ஜி-பிளான் போன்ற பேர்போன மரச்சாமான்கள் எல்லாம் இங்கிருந்து வந்தவை. இரண்டாம் உலகப் போரில் மரத்தாலேயே செய்த மொஸ்கிட்டோ போர்விமானத்தின் பாகங்களை இந்த ஊர் நாற்காலித் தச்சர்கள்தான் செய்து கொடுத்தார்கள். மரத்தை ஒட்டவும் வளைக்கவும் தெரிந்த கைகள் தெருவுக்குத் தெரு இருந்த ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே 'எலெக்ட்ரிக் வுட்' என்ற பட்டறையை இரண்டு பேர் நடத்தினார்கள். இயன் வாலர், பீட் ஸ்டீவன்ஸ். 'வாலர்' சுருங்கி 'வால்' ஆனது. 1970-களின் நடுவில் செய்த முதல் சில பேஸ்கள், ஜான் கஸ்டாஃப்சன் என்ற கலைஞருக்காகச் செய்தது என்பதால் ஜே.ஜி. என்று அழைக்கப்படுகின்றன. அவற்றின் முன்பக்கத் தகடு, சித்திர வேலை செய்த தோல்! பிறகு எழுபதுகளின் கடைசியில் 'ப்ரோ' வரிசை. எண்பதுகளில் 'கஸ்டம்' வரிசை. 1988-இல் வாலர் இறந்துபோனார். ஸ்டீவன்ஸ் அதற்குப் பிறகு சுமார் இருபது வருடம் தொடர்ந்து செய்தார். அவரும் 2011-இல் போய்விட்டார். அதற்கு முன்பே பால் ஹெர்மன் பொறுப்பை ஏற்றுக்கொண்டதால் இன்றும் வால் வருகிறது, காத்திருக்கத்தான் பொறுமை வேண்டும்.

இதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. இருவரும் சேர்ந்து செய்தார்கள், ஒருவர் மறைந்த பிறகு மற்றவர் அத்தனை வருடம் தனியாகத் தூக்கி நிறுத்தினார். தலையில் பொறித்திருக்கும் பெயர் மட்டும் முதலாமவருடையது. ஸ்டீவன்ஸ் அதை மாற்றவே இல்லை. நம் ஊர் வீணைக்கு அந்த அளவுகூடக் கிடையாது. அம்மாவின் வீணையைச் செய்தது யார் என்று கேட்டால் 'தஞ்சாவூர் வீணைடா' என்பதோடு பதில் முடிந்துவிடும். ஊர்தான் பெயர், ஆள் கிடையாது.

சரி, அப்படி என்ன விசேஷம் இந்தப் பேஸில்? நான் மென்பொருள்காரன், எனக்குப் பிடித்த பகுதி உள்ளே இருக்கிறது. கம்பி அதிர்வதை மின்சாரமாக மாற்றுவது பிக்கப் என்ற காந்தச் சுருள். லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் பிற்கால வடிவத்தில், நாலு கம்பிக்கும் சேர்த்து இரண்டு சுருள்தான். வாலில் ஒவ்வொரு கம்பிக்கும் தனியாக ஒரு ஜோடி. ஒரு பிக்கப்புக்கு எட்டு, இரண்டு பிக்கப்புக்குப் பதினாறு. அதற்கப்புறம் சாதாரணக் கிடாரில் இருப்பது போல் 'டோன்' குமிழ் கிடையாது. ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனி லோ-பாஸ் ஃபில்டர். அதாவது ஒரு வடிகட்டி. குமிழைத் திருகத் திருக, எந்த உயரத்துக்கு மேலுள்ள ஒலியை வெட்டுவது என்பது மாறும். குமிழை மேலே இழுத்தால் வெட்டும் இடத்தில் ஒலி சற்றுப் புடைக்கும். சிந்தசைஸரில் செய்கிற வேலை இது. எம்.எஸ்சி.யில் சிக்னல் பிராசஸிங் பாடத்தில் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு மண்டை காய்ந்ததை, இங்கே ஒரு குமிழைத் திருகி விரலால் கேட்கலாம். ரஷ் குழுவின் கெடி லீ, டூல் குழுவின் ஜஸ்டின் சான்சலர் எல்லாம் இதைப் பிடித்துக்கொண்டது சும்மா இல்லை.

என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. ஒரு ப்ரோ. அதற்கே மூன்று வருடச் சேமிப்பும், வீட்டில் ஒரு வார மௌனமும் ஆனது. ஆகவே நான் கருவியைச் சேகரிக்கவில்லை, கருவியின் ஜாதகத்தைச் சேகரிக்கிறேன். எங்காவது வால் இருக்கிறது என்று தெரிந்தால் போய்ப் பார்த்து, படம் எடுத்து, எக்செல்லில் ஒரு வரி சேர்ப்பேன். இதுவரை 41 வரி. இன்னது என்று அடையாளம் சொல்லும் கலை அப்படித்தான் வந்தது.

ப்ரோவா கஸ்டமா என்பது சுலபம். முன்னால் கறுப்புத் தகடு இருந்தால் ப்ரோ. தகடு இல்லாமல், நடுவில் ஒரு மரமும் முன்னும் பின்னும் அழகான வேறு மரப் பலகையும் ஒட்டியிருந்தால் கஸ்டம். ப்ரோவிலேயே ஒரு பிக்கப்பா இரண்டா என்பதை வைத்து ஒன்று, இரண்டு என்பார்கள். உள்ளே மின்சுற்று இருந்தால் 'ஈ' சேரும். கஸ்டத்தில் முதல் வடிவத்துக்கு 21 ஃப்ரெட், மூன்றாவது வடிவத்துக்கு 24, கொம்பும் நீளம். இவ்வளவும் படித்தால் வந்துவிடும்.

படித்தால் வராதது அதற்கப்புறம்தான் ஆரம்பம். கையால் செய்தது என்றால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. கேட்டவருக்குக் கேட்டபடி செய்து கொடுத்தார்கள். கழுத்து சற்று ஒல்லியாக வேண்டுமா, சரி. வேறு மரமா, சரி. நாற்பது வருடம் கழித்து நாம் பார்க்கும்போது, பட்டியலுக்குப் பொருந்தாத ஒவ்வொன்றும் இரண்டில் ஒன்று: பட்டறையிலேயே விரும்பிக் கேட்டு வாங்கியது, அல்லது பின்னால் யாரோ கைவைத்தது. முதலாவது என்றால் பொக்கிஷம், இரண்டாவது என்றால் விலை பாதி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். என் எக்செல்லில் 'யார் கேட்டுச் செய்தது' என்று ஒரு பத்தி உண்டு. அநேகமாக முழுவதும் காலி.

சென்ற கோடையில் அதே பக்கத்து மேசைக்காரர், தன் அத்தை முறை ஆகும் ஒரு பெண்மணிக்காக என்னைக் கூப்பிட்டார். வயது எண்பதுக்குப் பக்கம். கணவர் பகலில் தபால்காரர், வார இறுதியில் பப்களிலும் கல்யாண வீடுகளிலும் பேஸ் வாசித்தவர். இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கட்டிலுக்கு அடியில் ஒரு வால் கஸ்டம். பழைய கிடார் வாங்கி விற்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இது நிறைய கை மாறின கேஸ்" என்று 900 பவுண்டு சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு 900 குறைவா அதிகமா என்பது கேள்வியே இல்லை. கேள்வி வேறு. 1986-இல் சமையலறையை மாற்றிக் கட்ட அவர் சேர்த்துவைத்த பணத்தைக் கணவர் கேட்டு வாங்கித்தான் அந்தப் பேஸ் வந்தது. "எனக்காகவே அளவெடுத்துச் செய்யுறாங்க" என்று சொல்லி வாங்கினாராம். கூட வாசித்தவர்கள் கடைசிவரை நம்பவில்லை, கிண்டல் செய்துகொண்டே இருந்தார்கள். வந்து பார்த்தவரும், கை மாறிய பழைய சரக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அது மட்டும் தனக்குத் தெரிய வேண்டும் என்றார்.

கிளம்பும்போது என் மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள். "நிஜ விலை தெரிஞ்சுகிட்டே கம்மி விலைக்கு வாங்கிட்டு வந்தீன்னா, அதை வீட்டுக்குள்ள கொண்டு வராத." நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் பத்து வருடம் கூட வாழ்ந்தவளுக்கு முகத்தைப் படிக்கத் தெரியாதா?

அப்பாவும் கூட வந்தார். ஆறு மாத விசாவில் எங்களோடு இருந்தார், வீட்டில் தனியாக உட்கார்ந்து மழையைப் பார்க்க அவருக்குப் பிடிக்காது. செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர்.

பெட்டியைத் திறந்ததும் எனக்கு மூச்சே நின்றது. முதல் வடிவக் கஸ்டம். மிக் கார்ன் வைத்திருந்தது மாதிரியே ஃப்ரெட் இல்லாதது, கோடுகூட இல்லாத வழவழப்பான விரல்பலகை. வந்து பார்த்தவர் இரண்டு குறை சொல்லியிருந்தார். ஒன்று, குமிழைக் கழற்றினால் அடியில் நல்ல சிவப்பு, மற்ற இடமெல்லாம் கரும்பழுப்பு, அதனால் யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள். இரண்டு, கழுத்தின் பக்கவாட்டில் இடம் காட்டும் புள்ளிகள் வழக்கத்தைவிடப் பெரியவை, அதனால் யாரோ பின்னால் துளையிட்டிருக்கிறார்கள்.

நான் குமிழ் ஒன்றைக் கழற்றினேன். ஆமாம், குங்குமச் சிவப்பு. அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். விளிம்பில் மரத்தின் ஓட்டத்தைப் பார்த்தார், நகத்தால் தடவினார்.

"ஏலே, இது வேங்கை ஜாதில்லா!"

"படாக்குன்னு சொல்லுவாங்கப்பா இங்க."

"அதத்தான் சொல்லுதேன். அந்தமான்லேர்ந்து வரும் படாக்கு. வேங்கை, செஞ்சந்தனம் எல்லாம் சொந்தக்காரங்கதான். அறுத்த அன்னைக்கு ரத்தம் மாதிரி இருக்கும். வெளிச்சத்துல கெடந்தா கெடக்கக் கெடக்க கறுத்துப்போவும். சாயமாவது மண்ணாங்கட்டியாவது. குமிழுக்கு அடியில வெளிச்சம் படல, அம்புட்டுதான்."

படாக் நிறம் மாறும் என்று நானும் படித்திருக்கிறேன். ஆனால் படித்தவன் சொல்வதற்கும், லாரி லாரியாக இறங்கியதைப் பார்த்தவர் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. பிக்கப்பைச் சுற்றியுள்ள சட்டத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தோம். அடியில் அதே சிவப்பு, சட்டத்தின் ஓரத்தில் கத்தியால் வெட்டியது போல் எல்லை. சாயம் பூசியிருந்தால் அப்படி நிற்காது, இடுக்கில் கசிந்திருக்கும். இன்னொன்றும் தெரிந்தது. நாற்பது வருடத்தில் அந்தச் சட்டத்தை யாரும் நகர்த்தி வைக்கவில்லை. நகர்த்தியிருந்தால் சிவப்புத் தடம் வெளியே எட்டிப் பார்த்திருக்கும்.

புள்ளிகள்தான் சிக்கல். உண்மையிலேயே பெரியவை, நான் பார்த்த எந்த வாலிலும் அப்படி இல்லை. திரையை இழுத்துவிட்டு, புற ஊதா டார்ச்சை அடித்தேன். பழைய மேற்பூச்சு அந்த வெளிச்சத்தில் ஒருவிதமாக மின்னும், புதிதாகப் பூசிய இடம் வேறு மாதிரி மின்னும். நடுவில் துளை போட்டு மூடியிருந்தால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வளையம் தெரிய வேண்டும். ஒரு வளையமும் இல்லை. பூச்சு புள்ளிகளின் மேலேயே விட்டுப்போகாமல் ஓடியது. அதாவது பூச்சுக்கு முன்பே, பட்டறையிலேயே வைத்த புள்ளிகள். ஆனால் எதற்கு?

வேறு எதையும் சொல்லாமல் அந்த அம்மாவிடம் கேட்டேன்: "உங்கள் கணவருக்குக் கண்ணில் ஏதாவது தொந்தரவு இருந்ததா?"

அவர் சிரித்துவிட்டார். சின்ன வயதிலிருந்தே இரவில் சரியாகத் தெரியாதாம். மேடை விளக்கை மங்கலாக்கினால் தவிப்பாராம். ஒருமுறை வாசித்து முடித்து இறங்கும்போது படி தெரியாமல் விழுந்து, மறுநாள் நொண்டிக்கொண்டே தபால் போட்டாராம். பிறகுதான் நான் கேட்டது எதற்கு என்று அவருக்குப் புரிந்தது. டார்ச்சை வாங்கி அவரே அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு புள்ளியாக, மேலிருந்து கீழே.

ஃப்ரெட்டும் கோடும் இல்லாத பேஸில் எந்த இடத்தில் விரல் வைப்பது என்று காட்ட அந்தப் புள்ளிகளைத் தவிர வேறொன்றும் கிடையாது. அரைகுறைக் கண்ணோடு, அரைகுறை வெளிச்சத்தில் வாசிக்கிறவர் வேறு என்ன கேட்பார்? அதைக் கேட்டுக்கொண்டு, அப்படியே செய்தும் கொடுத்திருக்கிறார்கள். வைத்தது வாலரின் கையா, ஸ்டீவன்ஸின் கையா என்று எந்த டார்ச்சும் காட்டாது.

"அப்போ அவர் சொன்னது நிஜம்தானா?"

நிஜம்தான் என்றேன். அவர் எழுந்து டீ போடப் போனார். கதவு வழியாகச் சமையலறை தெரிந்தது. எழுபதுகளின் ஆரஞ்சு நிற அலமாரிகள், ஒரு கதவில் கீல் போய் நூலால் கட்டியிருந்தது. திரும்பி வர நேரமானது. அப்பா என்னைப் பார்த்து, பேசாமல் இரு என்று கையைக் காட்டினார்.

டீ வந்த பிறகு விலையைச் சொன்னேன். இப்படி ஒன்று விற்பனைக்கு வந்தால் பல ஆயிரம் பவுண்டு போகும், யாரிடமும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள் என்றேன். என்னால் வாங்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும், அப்பா திரும்பிப் பார்த்தார். நீ வாசிப்பாயா என்று அவர் கேட்டார். ஆம்ப்ளிஃபயர் கிடையாது, மடியில் வைத்துத் தட்டினால் மரத்தில்தான் அதிர்வு கேட்டது. அவர் கையை நீட்டிப் பலகையின் ஓரத்தில் வைத்துக்கொண்டார். பழைய கம்பி, சுருதியும் இறங்கிக் கிடந்தது. ஐந்து நிமிடம் வாசித்திருப்பேன். அப்பாவுக்காக ஒரு இளையராஜா பேஸ் வரியும்.

கண்டுபிடித்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். மரம், வடிவம், புள்ளி, டார்ச், எல்லாவற்றையும் எழுதித் தேதி போட்டுக் கொடுத்தேன். அப்பா சொன்னதை "மரம் பற்றிய கருத்து: ஓய்வுபெற்ற மரக்கடைக் கணக்கர், செங்கோட்டை" என்று எழுதியபோது அப்பா பெயரையும் போடச் சொன்னார், போட்டேன். அந்த அம்மா தாளை மடித்துப் பேஸ் பெட்டிக்குள் வைத்து மூடினார். பேத்தி செல்லோ கற்கிறாளாம். அதிலும் ஃப்ரெட் கிடையாது, எனவே இதுவும் பழகிவிடும் என்பது அவர் கணக்கு.

அன்று இரவு 42-ஆவது வரியைச் சேர்த்தேன். வடிவம்: கஸ்டம், முதலாவது. மரம்: படாக். 'யார் கேட்டுச் செய்தது' என்ற இடத்தில்: தபால்காரர், இரவில் கண் தெரியாதவர். கடைசிப் பத்தியில்: விற்பனைக்கு இல்லை.